மலேசியாவின் ‘வாவாசான் 2020’ நிறைவேறியதா?

கேட்கப்பட்ட கேள்வி இது: வளரும் நாடு ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு அப்பால் ஓர் ஆண்டைக் குறித்து, அதற்குள் வளர்ந்த நாடாகிவிடுவோம் என்று அறிவிப்பதால் உண்மையில் ஏதேனும் நடக்கிறதா, அல்லது அது வெறும் மேடை அலங்காரமா? இந்தியாவில் 2047ஐப் பற்றிய பேச்சு நடக்கும் இந்நேரத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே. ஆனால் வரப்போகும் ஆண்டைப் பற்றி ஊகிப்பதைவிட, வந்து போய்விட்ட ஆண்டைப் புரட்டிப் பார்ப்பது பயனுள்ளது. அதற்கு மலேசியாவின் ‘வாவாசான் 2020’ நல்ல எடுத்துக்காட்டு. வாவாசான் என்ற மலாய்ச் சொல்லுக்குத் தொலைநோக்கு என்று பொருள். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தொலைநோக்கு ஒன்பது இலக்குகளை முன்வைத்தது, அவற்றுள் ஒன்றை மட்டுமே நாடு ஆண்டுதோறும் அளந்து பார்த்தது, அந்த அளவும் இடையில் மாறியது. நடந்ததும் நடக்காமல் போனதும் பெரும்பாலும் இதிலிருந்து விளங்கும்.

1991 பிப்ரவரி 28 அன்று, கோலாலம்பூரில் மலேசிய வணிக மன்றத்தின் முதல் கூட்டத்தில், அப்போதைய பிரதமர் மகாதீர் முகமது ஓர் அறிக்கையை வாசித்தார். அன்று பிறக்கும் மலேசியக் குழந்தைகளே ‘வளரும் நாடு’ என்ற பெயருள்ள நாட்டில் வாழும் கடைசித் தலைமுறையாக இருக்கட்டும் என்ற விருப்பத்தோடு அது தொடங்கியது. கண் மருத்துவத்தில் குறையில்லாத பார்வையை 20/20 என்று குறிப்பார்கள். அடிப்படையில் மருத்துவரான மகாதீருக்கு அந்த எண் பொருந்தி வந்ததைப் பலரும் அன்றே சுட்டிக்காட்டினர். பொருளாதாரத்தில் மட்டும் வளர்ந்த நாடாக இருந்தால் போதாது, அரசியலிலும் சமூகத்திலும் மனநிலையிலும் பண்பாட்டிலும் வளர்ந்திருக்க வேண்டும் என்று சொன்ன அவ்வறிக்கை ஒன்பது சவால்களை அடுக்கியது: ஒன்றுபட்ட மலேசிய இனம், தன்னம்பிக்கை கொண்ட சமூகம், முதிர்ந்த மக்களாட்சி, அறநெறி, சகிப்புத்தன்மை, அறிவியல் நோக்கு, பரிவு, பொருளாதார நீதி, செழிப்பு. செழிப்பு ஒன்பதாவதாகத்தான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வரிசை தற்செயலானதன்று. 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு, 1971 முதல் 1990 வரை நடப்பிலிருந்த புதிய பொருளாதாரக் கொள்கை இரண்டு குறிக்கோள்களைக் கொண்டிருந்தது: இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது, இன்ன இனத்தார் இன்ன தொழிலுக்கு என்ற நிலையை மாற்றுவது. நடைமுறையில், நிறுவனப் பங்குகளில் பூமிபுத்திரர்களின் (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) பங்கை 30 சதவீதத்துக்கு உயர்த்துவதே அதன் முகமாகிப் போனது. 1970இல் 2.4 சதவீதமாக இருந்த அப்பங்கு 1990இல் 19.3 சதவீதத்தை எட்டியது. மேற்கு மலேசியாவில் பாதி வீடுகளைப் பிடித்திருந்த வறுமையும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் சீனரும் இந்தியரும் தங்களை விருந்தாளிகளாக உணர்ந்த இருபது ஆண்டுகள் அவை. அக்கொள்கைக்காலம் முடிந்த கையோடு வந்த 1991 அறிக்கை ‘பங்சா மலேசியா’, அதாவது மலேசிய இனம், என்ற சொல்லைப் பிரதமரின் வாயால் சொன்னது. கேட்டவர்களுக்கு இதில் புதிதாக ஏதோ இருப்பதாகப் பட்டது. 1995 பொதுத்தேர்தலில் ஆளும் கூட்டணி ஏறத்தாழ 65 சதவீத வாக்குகளைப் பெற்றதில் அச்சொல்லுக்கும் பங்குண்டு. ஒரு தொலைநோக்கு அறிக்கையால் உடனடியாகச் செய்யக்கூடிய வேலை இத்தகையதுதான். அது மக்களுக்கு நாட்டில் தங்கள் இடம் எது என்பதைச் சொல்கிறது.

இனி எண்களுக்கு வருவோம். 1990இல் 115 பில்லியன் ரிங்கிட்டாக இருந்த மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதே விலைமதிப்பில், 2020இல் ஏறத்தாழ 920 பில்லியன் ரிங்கிட்டாக வேண்டும். (அங்குள்ள தமிழர் ரிங்கிட் என்று சொல்வது அரிது, ‘வெள்ளி’ என்றே சொல்வார்கள்.) பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு, மூன்று இரட்டிப்பில் எட்டு மடங்கு, அதற்கு ஆண்டுக்குச் சராசரி ஏழு சதவீத வளர்ச்சி. மக்கள்தொகை பெருகுவதையும் கழித்துப் பார்த்தால் 2020இன் மலேசியர் 1990இன் மலேசியரைவிட நான்கு மடங்கு வசதியானவராக இருப்பார். கணக்கு எளிமையானது, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். புரியவும் செய்தது: 2020இல் நாடு எப்படி இருக்கும் என்று தொண்ணூறுகளில் வரையச் சொன்னபோது பறக்கும் கார்களை வரைந்ததை அந்தத் தலைமுறையினர் இன்றும் சிரித்துக்கொண்டே நினைவுகூர்வார்கள்.

முதல் ஆறேழு ஆண்டுகள் ஓட்டமாக ஓடின. ஆண்டுக்கு ஒன்பது சதவீதத்துக்கும் மேலான வளர்ச்சி. பினாங்கின் பாயான் லெப்பாசில் 1972 முதலே வேரூன்றியிருந்த மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. இரட்டைக் கோபுரம், சிப்பாங் விமான நிலையம், புதிய நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா, தகவல் தொழில்நுட்ப மண்டலமான பல்லூடகப் பெருவழி என்று ஒவ்வொன்றாக எழுந்தன. பிறகு 1997 வந்தது. டாலருக்கு 2.50 என்றிருந்த ரிங்கிட் 1998 ஜனவரியில் 4.88 வரை சரிந்தது. அவ்வாண்டு பொருளாதாரம் 7.4 சதவீதம் சுருங்கியது. 1998 செப்டம்பர் முதல் நாள் மூலதனக் கட்டுப்பாடுகள் வந்தன, மறுநாளே ரிங்கிட் 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டது, அதே நாளில் துணைப்பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 2020 கனவைக் கலைத்தது அந்த ஆசிய நிதி நெருக்கடிதான் என்பது இன்றும் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஆண்டு வளர்ச்சி விகிதங்களை வரிசையாக எழுதிப் பெருக்கிப் பார்க்கும் வரை. 1990 முதல் 2000 வரையிலான பத்தாண்டில், 1998இன் வீழ்ச்சியையும் உள்ளடக்கியே, உற்பத்தி ஏறத்தாழ 1.98 மடங்காகியிருந்தது. அதாவது முதல் இரட்டிப்பு நடந்துவிட்டது. இலக்கு தவறியது அதற்குப் பின்னர்தான். 2000–2010இல் வளர்ச்சி சுமார் 1.57 மடங்கு, அடுத்த ஒன்பது ஆண்டுகளிலும் அதே அளவு. மூன்றையும் பெருக்கினால் 2019இல் 1990ஐப் போல் ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவு வருகிறது. எட்டு எங்கே, ஐந்து எங்கே! தலைப்புச் செய்தியாக வந்த பேரிடரைவிட, செய்தியே ஆகாத ஐந்து சதவீத ஆண்டுகள்தான் இலக்கை விழுங்கின. ஏழு சதவீதத்துக்கும் ஐந்து சதவீதத்துக்கும் உள்ள இடைவெளி ஓராண்டில் யார் கண்ணுக்கும் படாது. முப்பது ஆண்டில் முன்னது ஏழரை மடங்கு, பின்னது நான்கே கால் மடங்கு.

அந்தச் சோம்பல் ஏன் வந்தது என்பதுதான் இந்தப் பதிலில் விரிவாகப் பேச வேண்டிய இடம். நெருக்கடிக்கு முன் மொத்த உற்பத்தியில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் முதலீடாகச் சென்றது. அதன்பின் அது ஏறத்தாழ பாதியாகி, பிறகு பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. 2001 இறுதியில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்த பிறகு, மலிவான கூலியை நாடிய தொழிற்சாலைகளுக்கு மலேசியாவைவிட வசதியான இடம் கிடைத்துவிட்டது. அப்போது மலேசிய முதலாளிகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன: இயந்திரமும் திறனும் கூட்டி, கூலியையும் கூட்டி மேலே ஏறுவது, அல்லது இன்னும் மலிவான கைகளை வெளியிலிருந்து கொண்டுவருவது. பலர் இரண்டாவதைத் தேர்ந்தனர். இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களையும் கட்டடப் பணிகளையும் கையுறைத் தொழிற்சாலைகளையும் தாங்கினார்கள். பத்தாண்டுகளில் அவர்களின் எண்ணிக்கை, பதிவுபெற்றவர்கள் மட்டுமே சுமார் இருபது லட்சம். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. கூலி உயராத இடத்தில் இயந்திரம் வாங்க யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில் உற்பத்தியில் முப்பது சதவீதத்தைத் தாண்டியிருந்த தொழிற்துறையின் பங்கு, நாடு பணக்கார நாடாவதற்கு முன்பே 22, 23 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

மலிவான கைகள் உள்ளே வந்துகொண்டிருக்க, படித்த தலைகள் வெளியே சென்றுகொண்டிருந்தன. வெளிநாடுகளில் வாழும் மலேசியர் சுமார் பத்து லட்சம் பேர் என்று 2011இல் உலக வங்கி மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பகுதியினர் பாலத்தைக் கடந்தால் வரும் சிங்கப்பூரில் இருந்தனர். ஊதிய வேறுபாடு முதற்காரணம் என்றாலும், பல்கலைக்கழக இடத்திலும் அரசு வேலையிலும் பிறப்பைப் பார்ப்பார்கள் என்ற மனக்கசப்பும் சேர்ந்தே இருந்தது. ஒன்பது சவால்களில் முதலாவதான ஒன்றுபட்ட இனம் கைகூடாததன் விலை, ஒன்பதாவதான செழிப்பின் கணக்கில்தான் கழிக்கப்பட்டது. அறிக்கை எழுதியவர்கள் இவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாக வைத்திருந்தனர். வாழ்க்கை அப்படி வைக்கவில்லை.

அளவுகோல் மாறியது என்றேனே, அதையும் சொல்ல வேண்டும். 2010இல் நஜிப் ரசாக் அரசு பொருளாதார உருமாற்றத் திட்டத்தை அறிவித்தபோது, எட்டு மடங்கு என்ற பேச்சு மெல்ல மறைந்து, 2020இல் தலா வருமானம் 15,000 டாலர் என்பது இலக்கானது. உலக வங்கியின் ‘உயர் வருமான நாடு’ என்ற பட்டியலில் இடம்பிடிப்பதே வளர்ந்த நாடாவதற்குச் சான்று என்றும் ஆனது. டாலரில் இலக்கு வைத்தவர்கள் தங்கள் நாணயத்தையும் பணயம் வைத்தார்கள். 2014இன் பிற்பாதியில் எண்ணெய் விலை சரிய, 3.20, 3.30 என்றிருந்த ரிங்கிட் நான்கைத் தாண்டி இறங்கியது. 2019இல் மலேசியரின் தலா வருமானம் ஏறத்தாழ 45,000 ரிங்கிட். அன்றைய மாற்று விகிதத்தில் அது சுமார் 11,000 டாலர், உலக வங்கியின் அவ்வாண்டுக்கான எல்லையோ 12,535 டாலர். 2014இன் நடுப்பகுதி விகிதத்தில் மாற்றியிருந்தால் அதே 45,000 ரிங்கிட் எல்லையைத் தாண்டியிருக்கும். ஒரே வீடு, ஒரே சம்பளம், ஒரே அரிசி; நாணயச் சந்தை ஏறினால் வளர்ந்த நாடு, இறங்கினால் வளரும் நாடு.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு வறுமைக்கோடு. 2016இல் மலேசியாவில் வறுமை 0.4 சதவீதம் என்று அரசுப் புள்ளிவிவரம் சொன்னது. ஏழையே இல்லாத நாடு என்றுதான் அதற்குப் பொருள். ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்பதே அந்தக் கோடு. நான்கு பேர் குடும்பம் என்று வைத்து வகுத்துப் பாருங்கள், ஒருவருக்கு ஒரு நாளைக்கு எட்டு வெள்ளி. வீட்டு வாடகை, மின்கட்டணம், பேருந்து, பள்ளிச் செலவு, மருந்து, சாப்பாடு எல்லாமே அந்த எட்டு வெள்ளிக்குள். கோலாலம்பூரின் அடுக்குமாடிகளில் வாழ்ந்த எவரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள். 2019 ஆகஸ்டில் வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் இதை வெளிப்படையாகக் கண்டித்தபோது அமைச்சர்கள் சிலர் சினந்தனர். ஆனால் மறு ஆண்டே புள்ளிவிவரத் துறை கோட்டை 2,208 ரிங்கிட்டாகத் திருத்தியது. புதிய கோட்டின்படி 2019இன் வறுமை 5.6 சதவீதம், 2016இலோ 7.6. இரண்டு கணக்குகளுக்கும் இடைப்பட்ட லட்சக்கணக்கான குடும்பங்கள் அத்தனை ஆண்டுகளும் அங்கேதான் இருந்தன, அளவுகோல்தான் அவர்களைப் பார்க்கவில்லை. உதவித்திட்டங்கள் பலவும் கோட்டைப் பார்த்தே வகுக்கப்படுபவை என்பதால் இதை வெறும் எண் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது.

செழிப்புக்காவது ஓர் அளவுகோல் இருந்தது. மற்ற எட்டுக்கும் அப்படி ஆண்டுதோறும் பேசப்பட்ட அளவுகோல் இல்லை.  முதிர்ந்த மக்களாட்சியை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் வேடிக்கையானது. அச்சவாலை முன்வைத்த அரசு, நான்காண்டுகளுக்கு முன் 1987இல் ‘ஓப்பராசி லாலாங்’ நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோரை விசாரணையின்றிச் சிறைவைத்து, மூன்று நாளேடுகளின் உரிமத்தைப் பறித்த அரசு. ஆயினும் 2018 மே 9 அன்று, விடுதலைக்குப் பின் முதன்முறையாக, மலேசிய மக்கள் வாக்குச்சீட்டாலேயே ஆட்சியை மாற்றினர். ஒரு துப்பாக்கிச் சூடு கூட இல்லை. வென்ற எதிர்க்கட்சிக் கூட்டணியை வழிநடத்திப் பிரதமராகத் திரும்பியவர் 92 வயதான அதே மகாதீர். ஒன்பதில் ஓரளவேனும் நிறைவேறியது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அதற்கு எந்தத் திட்டமும் தீட்டப்பட்டிருக்கவில்லை.

பொருளாதார நீதி என்ற எட்டாவது சவாலுக்கு வரும்போது தமிழரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது, ஏனெனில் அந்தக் கணக்கிலிருந்து விடுபட்டவர்களில் அவர்கள் முக்கியமானோர். மலேசிய மக்களில் ஏறத்தாழ ஏழு சதவீதமான இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர். அவர்களில் மிகப்பலர் தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்தவர்களின் வழிவந்தோர். ஊரக வளர்ச்சித் திட்டங்கள் கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்களுக்கும், அரசின் நிலக்குடியேற்றத் திட்டமான பெல்டாவின் குடியேற்றங்களுக்கும் சாலையும் நீரும் மின்சாரமும் கொண்டுசென்றபோது, தோட்டம் தனியார் நிலம் என்ற காரணத்தால் தொழிலாளர்கள் வாழ்ந்த லயத்து வீடுகள் அத்திட்டங்களுக்கு வெளியே நின்றன. கொள்கையோ மக்களைப் பூமிபுத்திரர், பூமிபுத்திரர் அல்லாதோர் என்று இரண்டாகப் பிரித்தது. நகரத்துச் சீன வணிகரும் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியும் ஒரே பிரிவில் விழ, தமிழரின் வறுமை கண்ணில் படாமல் போனது.

இதற்குச் சாட்சியாக ஓர் இடத்தைக் காட்டலாம். தொலைநோக்கின் முகமாகக் கட்டப்பட்ட புத்ராஜெயா எழுந்து நிற்பது பிராங் பெசார் தோட்டத்தின் மீது. மலாயில் அப்பெயருக்குப் பெரும்போர் என்று பொருள்; முதல் உலகப்போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் அதைத் தொடங்கியதால் அந்தப் பெயர். அங்கே உருவாக்கப்பட்ட ரப்பர் வகைகள் உலகெங்கும் பரவின. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் வைத்திருப்பவர்கள் பி.பி. 86, பி.பி. 260 என்று சொல்லும்போது அந்த ‘பி.பி.’ பிராங் பெசாரே. தலைமுறைகளாக அந்த மரங்களில் பால் வெட்டியவர்கள் தமிழர். தலைநகர் நிர்வாகத்துக்காக நிலம் எடுக்கப்பட்டபோது அதனையும் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டெங்கிலில் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. சுவர்களில் விரிசல் என்ற புகாரும், தரைவீடு கேட்ட கோரிக்கையும் அங்கே ஆண்டுக்கணக்கில் நீண்டன. 1999இல் பிரதமர் அலுவலகம் குடிபெயர்ந்து வந்த ஏரிக்கரை நகரத்துக்கும் அந்த அடுக்குமாடிக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரம்தான்.

இப்படித் தோட்டம் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதியாகவும் செம்பனையாகவும் மாற, வேலையோடு வீடும் கோயிலும் பள்ளியும் சேர்ந்தே போயின. நகர ஓரங்களில் குவிந்த அந்த இளைஞர்களின் கோபம் 2007 நவம்பர் 25 அன்று இந்துக்களின் உரிமைக்கான ஹிண்ட்ராப் இயக்கத்தின் பேரணியாகக் கோலாலம்பூர் வீதிகளில் வெடித்தது. மறு ஆண்டுத் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது. மலேசிய இந்தியர்களுக்கென்று தனி வரைவுத்திட்டம் வெளிவந்தது 2017 ஏப்ரலில், அதாவது தொலைநோக்குக்கு மூன்றே ஆண்டுகள் மிஞ்சியிருந்தபோது.

இன்னொரு செய்தி, இது சற்று நிர்வாகம் சார்ந்தது. முப்பது ஆண்டுத் திட்டத்துக்கு முப்பது ஆண்டும் உரிமையாளர் வேண்டும். வாவாசான் 2020 ஒரு மனிதரின் பெயரோடு பிறந்தது. அவர் 2003இல் விலகியதும் அடுத்தடுத்து வந்தவர்கள் தங்கள் முழக்கங்களைக் கொண்டுவந்தனர். 2020க்கு இன்னும் நான்காண்டுகள் இருக்கையிலேயே நஜிப் ‘டி.என்.50’ என்று 2050ஐக் குறித்தார். 2018இல் ஆட்சி மாறியதும் அது காணாமல் போனது. 2019 அக்டோபரில், இலக்காண்டு பிறக்க மூன்று மாதங்கள் இருக்கும்போது, மகாதீரே ‘பகிரப்பட்ட வளப்பம் 2030’ என்ற அடுத்த தொலைநோக்கை வெளியிட்டார். 2020 பிப்ரவரி 24 அன்று, அறிக்கை வாசித்து இருபத்தொன்பது ஆண்டுகள் நிறைய நான்கு நாட்கள் இருக்கையில், கூட்டணிச் சச்சரவில் அவர் பதவி விலகினார். மார்ச் 18இல் பெருந்தொற்றுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அவ்வாண்டு பொருளாதாரம் ஐந்தரை சதவீதம் சுருங்கியது; பறக்கும் கார் இருக்கட்டும், தரையில் ஓடும் காரும் வீட்டு வாசலில்தான் நின்றது.

ஆகவே, மேடை அலங்காரமா என்ற கேள்விக்கு என் பதில்: முற்றிலும் இல்லை. பத்தாண்டுக்கு அந்த அறிக்கை முதலீட்டாளருக்கும் அதிகாரிகளுக்கும் ஒரே திசையைக் காட்டியது, சிறுபான்மையினருக்கு ஒரு சொல்லைக் கொடுத்தது, நாடும் முப்பது ஆண்டில் ஐந்து மடங்கை நெருங்கியது. பல வளரும் நாடுகளுக்கு அதுவே எட்டாத உயரம். அதற்குப் பிறகு திசை மங்கியபோது, திருத்திக்கொள்ளச் சொல்லும் அளவீடு எதுவும் அறிக்கைக்குள் இல்லை. தொழிலாளியின் கூலி எவ்வளவு உயர வேண்டும் என்ற எண் 1991இன் இலக்குக் கணக்கில் இடம்பெறவே இல்லை.

2030க்கான ஆவணம் அந்த ஒன்றையாவது சேர்த்துக்கொண்டது. நாட்டின் உற்பத்தியில் ஊழியர்களின் ஊதியமாகச் செல்லும் பங்கு, அன்று ஏறத்தாழ 36 சதவீதமாக இருந்தது, 48 சதவீதமாக உயர வேண்டும் என்று அது வரையறுத்தது. 2023இல் அன்வாரின் அரசு ‘மடானி’ பொருளாதாரத்தை அறிவித்தபோது அதே இலக்கு 45 என்று குறைந்தது. அவ்வாண்டு உண்மையில் இருந்த பங்கு 33 சதவீதம்.